தொட்ட தட்டுக்கு மட்டும்

“லிபர்ட்டி சிலையைப் பார்க்கப் போனோம், அன்னைக்கும் இந்தோனேஷியச் சோறு. பிலடெல்பியாவுல மணியைப் பார்த்தோம், அங்கயும் அதே சோறு. ராக்கெட் பார்க்கலாம்னு ஹூஸ்டன் கூட்டிட்டு வந்து, மறுபடியும் இதேயா? உனக்கு யாராச்சும் கமிஷன் தர்றாங்களாம்மா?”

கேட்டுக்கொண்டே காரை விட்டு இறங்கினார் அப்துல் ரஹீம்.

“பிடிக்கலேன்னா சொல்லுங்க வாப்பா. நம்ம ஊர்க் கடைங்க இருக்கற ஹில்கிராஃப்ட் பக்கத்துலதான் இருக்கு. பிரியாணி சாப்பிட்டுக்கலாம்,” என்றாள் ஃபைஹா.

“பிடிக்கலேன்னு யாரு சொன்னா? கேட்டேன், அவ்வளவுதான்.”

திங்கள்கிழமை அவர் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் சொல்லியாக வேண்டும். நியூஜெர்சியில், பார்சிப்பனி ஆபீசில் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் ஃபாஜர். அம்மா தனியாக இருக்கிறாள் என்று போன வருஷம் ஹூஸ்டனுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவனைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். இந்தச் சின்ன உணவகம் அவன் அம்மாவுடையது.

ஊர் ஊராக அந்தச் சாப்பாட்டைப் பழக்கிக்கொண்டே வந்தால், ஹூஸ்டனில் அந்தப் பேச்சும் தானாக வாய்க்கு வந்துவிடும் என்று கனவு கண்டிருந்தாள். இரண்டு ஊர்களில் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு முறையும் தேநீரோடு உள்ளே போய்விட்டது.

“முதல்ல அவர் சாப்பிடட்டும். நான் சொல்ற வரைக்கும் நீ வெளிய வராதே,” என்று ஃபாஜரிடம் சொல்லி வைத்திருந்தாள். சமையலறைத் திரைக்குப் பின்னால்தான் அவன் நின்றிருந்தான்.

உள்ளே பச்சைத் திரைச்சீலை வழியாக மதிய வெயில் வடிகட்டி விழுந்தது. இந்த மாதிரிக் கடைகளுக்குள் நுழையும்போதெல்லாம் ஃபைஹாவுக்கு அப்படித்தான். வெளியே இரையும் ஃப்ரீவே, கதவு சாத்தியதும் கடலாகிவிடும்.

ஃபாஜரின் அம்மா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை தட்டுகளை அடுக்கியிருந்தாள். ஒன்றுகூட ஆடவில்லை. கருகருவென்று தேங்காயில் சுண்டிய மாட்டுக்கறி, மஞ்சள் பாலில் மிதக்கும் மீன், பலாக்காய், மரவள்ளிக் கீரை, மிளகாய்ச் சாந்தில் புரட்டிய முட்டை. மேசையில் குட்டிக் குட்டித் தீவுகள் முளைத்தன.

“நாம ஆர்டரே பண்ணலையே?”

“இவங்க இந்தோனேஷியாவுல பாடாங் ஊர்க்காரங்க வாப்பா. அங்க இதுதான் வழக்கம். இருக்கற எல்லாத்தையும் கொண்டாந்து வெச்சிடுவாங்க. நாம தொட்ட தட்டுக்கு மட்டும்தான் பில். தொடாதது அப்படியே உள்ள போயிடும்.”

“ஒண்ணையுமே தொடலேன்னா?”

“எழுந்து போயிட வேண்டியதுதான்.” அவள் குரல் இறங்கியது.

அப்துல் ரஹீம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தட்டுகளைப் பார்த்தார்.

“சமைக்கிறது யாரு?”

“அந்த ஆன்ட்டிதான்.”

“தனியாவா?”

“பையன் ஹெல்ப் பண்ணுவான் போல.”

“ஓ. போல.”

ஃபைஹா தண்ணீர் குடித்தாள். அவர் சட்டென்று எழுந்தார்.

“உன் போனைக் கொடு. உங்க உம்மாகிட்ட பேசிட்டு வர்றேன்.”

“இப்பவா? ஊர்ல படுத்திருப்பாங்க. சோறு ஆறிடும் வாப்பா.”

“ஆறட்டும்.”

பார்க்கிங்கில் வெயிலில் அவர் நடப்பதும் நிற்பதுமாகப் பேசிக்கொண்டிருந்தது கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது. திரை விலகி ஃபாஜரின் ஒரு கண் எட்டிப் பார்த்தது. ஃபைஹா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கல்லாவில் அவன் அம்மா ஒரே நாப்கினை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

தட்டுகளிலிருந்து எழுந்த ஆவி மெலிந்துகொண்டே வந்தது. தீவுகள் ஒவ்வொன்றாக நங்கூரத்தை அறுத்துக்கொண்டு விலகிப் போவதுபோல் ஃபைஹாவுக்கு ஒரு மயக்கம்.

அவர் திரும்பி வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி, கறியை ஒரு விள்ளல் எடுத்துச் சோற்றோடு பிசைந்தார். வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது என்ன வாசம்?”

“மஞ்சள் இலை வாப்பா.”

“இலையையும் போடுவாங்களா? நாமதான் கிழங்கோட நிறுத்திட்டோம்.”

அடுத்து மீன். அதன் பிறகு பலாக்காய். முட்டையை இரண்டாகப் பிட்டு, பாதியை அவள் தட்டில் வைத்தார். அவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியது. முகம் மட்டும், தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல் இளகிக்கொண்டே போனது.

“மெதுவா வாப்பா. சுகர் இருக்கு.”

“உங்க உம்மாவே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கா. நீயாவது சும்மா இரு.”

கீரையும் முடிந்தது. மேசையில் அவர் கை படாத தட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது. ஃபைஹா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வாப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம். இந்தக் கடை ஆன்ட்டி இருக்காங்கள்ல, அவங்க பையன் ஃபாஜர்…”

“தெரியும்,” என்றார் அவர், மிச்சக் குழம்பை வழித்துக்கொண்டே. “நேத்து நீ துணி எடுக்கப் போனப்போ, பள்ளிவாசல்ல அவனே வந்து சலாம் சொன்னான். எல்லாத்தையும் சொல்லிட்டான். இங்க கூட்டிட்டு வந்து அவங்க உம்மாவையும் காட்டினான்.”

ஃபைஹா சமையலறைத் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ… நேத்தே இங்க சாப்பிட்டீங்களா?”

“அதெப்படி? அந்தம்மா கொடுத்த தண்ணியைக்கூடத் தொடாம வந்துட்டேன்,” என்றபடி கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார் அப்துல் ரஹீம். “சம்பந்தம் முடிவாகாத வீட்டுல நம்ம ஆளுங்க கை நனைப்பாங்களா?”