தடுப்புக்கு மேலே ஒரு கை

மாலை வெயில் கீபோர்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ஏஐ ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் லிங்க் கருவிக்கு அவள் கையேடு எழுதுகிறாள். ‘ஒரு ஏஜென்ட் லிங்க் தரும், மற்றொன்று திறக்கும், மறுநாள் லிங்க் காலாவதியாகிவிடும்.’ கை தானாக மேசை இழுப்பறைக்குள் போய், மூடி தொலைந்த பழைய பென்டிரைவைத் தடவி எடுக்கிறது. கருவியைச் செய்த, அவள் ‘ஒட்டடைக்குச்சி’ என்று கூப்பிடும் நெட்டைப் பையன் உட்கார்ந்திருப்பது ஆபீஸ் மேசைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான். ஒரு காலத்தில் இருவருடைய கோப்புகளும் இதில்தான் தடுப்பைத் தாண்டிப் பறக்கும், கூடவே ஊர்வம்பும். இப்போது எல்லாம் ஏஜென்ட் வழியாகத்தான். அவள் குரல் கொடுக்காமல் பென்டிரைவைத் தடுப்புக்கு மேலே வீசிவிட்டு, விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொள்கிறாள். நெடிய கை ஒன்று தடுப்புக்கு மேலே எழுந்து லபக்கென்று பிடிக்கிறது. “அக்கா, இதுல என்ன இருக்கு?” “ஒண்ணுமில்லடா. வந்து சேருதான்னு பாத்தேன்.”