முதல் அடி

"என்னண்ணே, தூங்குறீங்களா?"

டிரம்மைத் தொடையில் இடுக்கிக்கொண்டு தையல்காரர் கத்தினார். எதிரணிக்குக் கோல் கிக். பாட்டு எடுக்க வேண்டிய நேரம். எடுக்க வேண்டியவர் இருமிக்கொண்டிருந்தார்.

வடக்கு கேலரியின் அடியில், வேலியை ஒட்டிக் கிடந்த மரப்பெட்டியின் மேல் நின்றிருந்தார் வெண்கலம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். குரலால் வந்த பெயர் அது. ஆட்டத்துக்கு முதுகையும் கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி நிற்பதுதான் பெட்டிமேல் ஏறுகிறவர் வேலை.

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றார்.

"கட்டுறதுக்கு நாள் பாத்துது பாருங்க! தோத்தா கீழ்ப் பிரிவுண்ணே. அடுத்த வருஷம் யாரும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்."

அந்த நாட்டில் மைதானத்துக்கு ஒரு வழக்கம். துறைமுக ஊரில் தகரம் தட்டுவார்கள். மலை ஊரில் எதிரணி பெனால்டி அடிக்கும்போது மொத்தக் கூட்டமும் முதுகைத் திருப்பிக்கொள்ளும். இந்த ஊருக்கு அம்மா பாட்டு. வெளியூர் கோல்கீப்பர் யாராக இருந்தாலும் சரி, பெட்டியில் நிற்பவர் தனியாக முதல் அடியை எடுப்பார்: "இருட்டப் போகுது, பசிக்கப் போகுது..." டிரம் விழும். கேலரியே சேர்ந்து முடிக்கும்: "அம்மா தேடுறா, வீட்டுக்குப் போ!"

ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பிள்ளைகள்கூடப் பாடும். ஆனாலும் அதைக் கேட்டுக் கடுப்பேறிக் கோட்டைவிட்ட கோல்கீப்பர்கள் நிறைய.

இன்று முதல் அடியே வரவில்லை. இருமல் நின்றது. அடுத்த தடவை வெண்கலம் வேறு ஏதோ பாட்டை எடுத்தார். பாதிப் பேர் பழக்க தோஷத்தில் "அம்மா தேடுறா" என்று நுழைய, மீதிப் பேர் விழிக்க, எதிர்ப்பக்க கேலரி விழுந்து விழுந்து சிரித்தது.

"யோவ் வெண்கலம், ஈயமாயிட்டியா?" என்று மேலிருந்து ஒருவன் கேட்டான்.

"பேசாம என் கைக்குழந்தையை ஏத்துங்க. நல்லா கத்தும்" என்றார் பேக்கரிக்காரம்மா.

இடைவேளையில் தையல்காரர் பெட்டி அருகே போனார்.

"இறங்குங்கண்ணே."

"டெய்லர், வேற பாட்டு பாடலாம்ப்பா. அம்மா பாட்டு இன்னிக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

வெண்கலம் தலையைச் சொறிந்தார். "பழசாயிடுச்சு."

"பாட்டு பழசாகல. நீங்கதான் பழசாயிட்டீங்க. ஊரே உசிரைக் கையில பிடிச்சிட்டு நிக்குது, உங்களுக்குப் புதுப் பாட்டு கேக்குதா? இறங்குங்க."

வழக்கமாக வெண்கலத்திடம் யாரும் இப்படிப் பேசிவிட முடியாது. இரண்டு பேச்சில் ஆளை உட்கார வைத்துவிடுவார். இன்று ஒன்றும் சொல்லாமல் இறங்கினார். பேக்கரிக்காரம்மா கைதட்டினார்.

தையல்காரர் டிரம்மோடு பெட்டியில் ஏறினார். ஆட்டம் ஆரம்பித்தது. கூட்டத்தைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

"இருட்டப் போகுது, பசிக்கப் போகுது..."

பாதி ஆட்டம் அடக்கிவைத்திருந்த கேலரி வெடித்தது. "அம்மா தேடுறா, வீட்டுக்குப் போ!"

"டேய், கோல்கீப்பர் திரும்பி நம்மளையே பாக்குறான்டா!"

"வேலை செய்யுது! விடாதீங்க டெய்லர், பாடுங்க!"

பாடினார். மறுபடி பாடினார். ஆட்டம் அவருக்குத் தெரியவில்லை. திடீரென்று எதிரே இருந்த வாய்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. கோல் என்பதை அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

திரும்பினார். பந்து வலைக்குள் கிடந்தது. கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. அவன் அணிக்காரர்கள் இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள்.

"நடிக்கிறான்" என்றார் பேக்கரிக்காரம்மா.

அந்த ஒரு கோலே போதுமாயிருந்தது. ஊர் தப்பித்தது. தையல்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார்கள்.

சைக்கிள் நிறுத்தத்தில் வெண்கலம் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். தையல்காரருக்கு வெற்றியிலும் எரிச்சல் அடங்கவில்லை.

"ஊரே ஆடுது. உங்க மூஞ்சில ஒரு சிரிப்பு இல்ல. பெட்டி போச்சேன்னு கவலையா?"

"அந்தக் கோல்கீப்பரோட அம்மா வியாழக்கிழமை தவறிட்டாங்க" என்றார் வெண்கலம். "என் தங்கச்சிக்குப் பக்கத்து வீடு. அவதான் போன் பண்ணிச் சொன்னா."

தையல்காரர் டிரம்மைக் கீழே வைத்தார். பேச்சு கோபமாகத்தான் வந்தது.

"ஏண்ணே, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன மனுஷன் இல்லையா? கேட்டதும் நானே நிறுத்தியிருப்பேனே!"

வெண்கலம் சைக்கிளை வெளியே எடுத்தார்.

"சொல்லத்தான் நெனச்சேன் தம்பி. போன மாசம் வந்தானே ஒரு டீம் கேப்டன், அவன் பொண்டாட்டி விட்டுட்டுப் போனதை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். சாயங்காலமே அதுக்கு மெட்டுப் போட்டுட்டே."