பூனை என்று சொல்லாத காவலாளி

"பூனையைத் தூக்கினது யாரு? அதை முதல்ல சொல்லுங்க!"

கடகிரி போட்ட சத்தத்தில், கீழ்த்தளத்துக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களே நிமிர்ந்து பார்த்தார்களாம். ஒசாகாவில் நாலாவது மாடியில் இருந்த அந்த வீடியோ கேம் கம்பெனியில் டைரக்டர் கடகிரி வைத்ததுதான் சட்டம்.

"நான்தான்" என்றாள் நிஷிவாக்கி, டகோயாகி என்கிற ஆக்டோபஸ் போண்டா ஒன்றை ஊதி ஊதித் தின்றபடி.

பூனை என்றால் நிஜப் பூனை இல்லை. 'காலடி' விளையாட்டின் மூன்று பாகங்களிலும் திருடன் ஒருவன் அரிசி வியாபாரியின் மாளிகைக்குள் பதுங்கிப் பதுங்கிப் போவான். சத்தம் கேட்டுக் காவலாளி வருவான், எட்டிப் பார்ப்பான், "பூனையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான். அரை நிமிஷத்தில் எல்லாம் மறந்துபோகும். அந்த ஒரு வரியை ரசிகர்கள் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

காவலாளிகளுக்கு மூளை எழுதுவது நிஷிவாக்கியின் வேலை. நாலாம் பாகத்துக்காக இரண்டு வருஷம் உட்கார்ந்து, மறக்கவே மறக்காத ஒரு புதுக் காவலாளியைச் செய்திருந்தாள். சனிக்கிழமை ரசிகர் கூட்டத்தில் காட்டப்போவது அவனையா, பழையவனையா? பழையவன் என்றால் அவள் உழைப்பு குப்பைக்கூடைக்கு.

"தினம் ஒருத்தன் வந்து போறான். தினமும் பூனைன்னு நம்புறதுக்கு அவன் என்ன முட்டாளா?"

"ஆமா, முட்டாள்தான்! அதுக்குத்தான் ஜனங்க காசு குடுத்து வாங்குறாங்க."

சுற்றி இருந்தவர்கள் அவரவர் திரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்குச் சத்தம் சேர்க்கிற மொமோசே மட்டும் எழுந்து வந்து டைரக்டர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் இருபது வருஷ சர்வீஸ். பேருக்குப் பின்னால் 'சான்' என்று ஒட்டுகிற ஆபீஸ் மரியாதை மட்டும் தவறாது.

"நிஷிவாக்கி சான், திருடன் நடக்கிற சத்தமே கேக்காதபடி பண்ணி வெச்சிருக்கேன். உங்க ஆளு எப்படிக் கண்டுபிடிப்பான்?"

"கேக்காததுனாலதான், மொமோசே சான். தினமும் கிரீச்சுன்னு கத்துற தரைப் பலகை இன்னைக்குக் கத்தலைன்னா, யாரோ பாத்துப் பாத்து மிதிக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?"

மொமோசே நகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நீ எப்பவுமே இப்படித்தான்..." கோபத்தில் கடகிரிக்கு மரியாதை நழுவிவிட்டது, அவசரமாக எடுத்து ஒட்டிக்கொண்டார். "நீங்க எப்பவுமே இப்படித்தான். விளையாட்டுன்னா ஒரு சந்தோஷம் வேணாமா? குடுங்க, நானே ஆடிப் பாக்கறேன்."

ஆடினார். மதில் ஏறினார். காவலாளியின் முதுகுக்குப் பின்னால் நழுவினார். அவன் தலையை லேசாகத் திருப்பினான், ஒன்றும் சொல்லவில்லை. கஜானா அறை வரைக்கும் போய்விட்டு கடகிரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"குருட்டுப் பய! இதுக்கா ரெண்டு வருஷம்?"

"பெட்டியைத் திறங்க."

திறந்தார். காலி. அடுத்ததும் காலி. சுவரில் தொங்கிய ஓவியத்தைக்கூடக் காணோம். வாசலுக்குத் திரும்பி ஓடினால், மாளிகையில் ஆளே இல்லை.

"எங்க போனான்?"

"நீங்க மதில் ஏறும்போதே பாத்துட்டான். கத்தலை, துரத்தலை. நீங்க பதுங்கிப் பதுங்கி வர்றதுக்குள்ள, எல்லாத்தையும் பின்வாசல் வழியா அனுப்பிட்டுப் போயிட்டான்."

"இதுல ஜெயிக்கிறது யாரு?"

"யாரும் இல்லை."

மூலையில் யாரோ "அட!" என்றார்கள். கடகிரி திரும்பியதும் அது இருமலாக மாறியது.

"பழையவனையே போடுங்க" என்றார். "பூனை, அரை நிமிஷம், மறதி. மூணு பாகம் ஓடிச்சு. நாலாவதும் ஓடும்."

"கடைசியாக் கேக்கறேன். அவன் மறந்துதான் ஆகணுமா?"

"மறந்துதான் ஆகணும்."

"சரி."

மீதி டகோயாகியைக் கொண்டுபோய் மொமோசேயின் மேசையில் வைத்தாள். "ஆறிப்போச்சு. உனக்குப் பரவாயில்லைதானே?" பிறகு பையை மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் குனிந்து வணங்கி, "உங்களுக்கெல்லாம் முன்னாடியே கிளம்புறேன், மன்னிச்சுக்கங்க" என்று அலுவலக வழக்கப்படி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

'காலடி' நாலாம் பாகம் பழைய மறதியோடு வெளிவந்தது. ரசிகர்கள் ஒரு வாரம் ஆடிவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். அடுத்த வசந்தத்தில் கடகிரி மொமோசேயைக் கட்டிக்கொண்டு நகோயாவுக்குக் குடிபோனார். நிஷிவாக்கியோ சண்டை நடந்த அன்றைக்கே சப்போரோவுக்கு விமானம் ஏறிவிட்டாள். அங்கே வேறு கம்பெனி, பேர் அட்டையில் அதே பேர். கல்யாணமானாலும் அலுவலகத்தில் பிறந்த வீட்டுப் பேரோடு இருந்துவிடுகிற பெண்களுக்கு அது ஒரு சௌகரியம்.

அந்தச் சண்டை நாள் சாயங்காலம் "வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தபடி வீட்டுக் கதவைத் திறந்த கடகிரிதான் பாவம், காலையிலேயே சாமான் வண்டி வந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போன வெறும் கூடத்தில் நின்றார். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனைவிக்கு லைன் கிடைக்காமல், கடைசியில் ஆபீசுக்கே போன் போட்டு, "நிஷிவாக்கி சான் இருக்காங்களா?" என்று கேட்டாராம்.