பாத்ரூம் ஃபேக்டரி

"மாப்பிள்ளை, நான் இன்னிக்காவது குளிக்கலாமா? இல்ல, உங்க ஃபேக்டரியில ஷிப்ட் முடியணுமா?"

பாத்ரூம் வாசலில், தோளில் துண்டோடு மாமனார்.

"இருபது நிமிஷம், மாமா."

வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மனைவி, மகளோடு அவன் மாமனார் வீட்டுக்கு வந்து நாலு மாசம். வந்த நாளிலிருந்து இதே கிண்டல்தான். வாஷ்பேசினில் பழுப்புக் கறை பட்டால் ஒரு பேச்சு. மனைவியின் நெயில் பாலிஷ் தீர்ந்தால் ஒரு பேச்சு.

அவன் செய்வது சர்க்யூட் போர்டு. செம்பு ஒட்டிய அட்டை முழுக்க நெயில் பாலிஷ் பூசி, காய்ந்ததும் ஊசியால் கோடு கோடாகச் சுரண்டுவான். பிறகு அரிக்கிற தண்ணியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால், சுரண்டிய இடத்துச் செம்பு மட்டும் கரையும். நேரத்துக்கு எடுக்காவிட்டால் பாலிஷுக்கு அடியிலும் புகுந்து மொத்தத்தையும் தின்றுவிடும்.

இன்றைய போர்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு. கட்டிலில் இருந்தபடியே நர்ஸைக் கூப்பிடும் மணி. நாலு மணிக்கு மாதிரி காட்ட வேண்டும். பிடித்துப்போனால் அறுபது கட்டிலுக்கும் ஆர்டர். கையில் இருந்ததோ ஒரே ஒரு முழு அட்டை.

"அவ்வளவு படிச்சுட்டு, உட்கார்ந்து அட்டையைச் சுரண்டறாராம்." மாமனார் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

ஆர்டர் மட்டும் கிடைக்கட்டும், முதல் வேலையாகத் தனி வீடு பார்த்துவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு போர்டை டிரேயில் போட்டான்.

போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. மகள் சறுக்குமரத்திலிருந்து விழுந்து நெற்றி வீங்கியிருக்கிறதாம்.

போட்டது போட்டபடி ஓடினான்.

டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, மகளை வண்டியில் உட்கார வைத்த பிறகுதான் போர்டு ஞாபகம் வந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பாத்ரூமுக்குப் பாய்ந்தான். தரை கழுவி விட்டிருந்தது. டிரே காலி. மாமனார் குளித்து, சட்டை மாற்றி, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"குளிக்கறதுக்காக எல்லாத்தையும் கொட்டிட்டீங்களா, மாமா? நாங்க இங்க இருக்கறது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. போயிடறோம்."

மாமனார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி பாட்டில்ல இருக்கு. போர்டு ஜன்னல்ல காயுது. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தான். பாலிஷைத் துடைத்திருந்தது; செம்பு பளபளவென்று இருந்தது. ஒரு கோடுகூட அறுபடவில்லை. அவனே எடுத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

மெதுவாகச் சமையலறைக்கு வந்தான்.

"அத்தை, மாமாவுக்கு இது எப்படித் தெரியும்?"

மாமியார் பேத்தியின் நெற்றியில் ஐஸ் ஒத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க வெளிய போறப்பல்லாம், நீங்க தூக்கிப்போட்ட துண்டு துக்கடா அட்டையை வெச்சு ஒரு மாசமாப் பழகிக்கிட்டிருக்கார். 'எதுக்கு உங்களுக்கு இந்த வேலை'ன்னு கேட்டேன். 'ஆர்டர் எப்படியும் வந்துடும், மாப்பிள்ளை ஒத்தை ஆளா எத்தனை செய்வார், கூட ஒரு கை வேணாமா'ன்னார்."