வெடிப்புக்குள் விழுந்த ஃபோன்

மண்ணுக்குள்ளிருந்து மறுபடியும் ஃபோன் அடித்தது.

சக்திகுமார் குப்புறப் படுத்து, வெடிப்பில் காதை வைத்துக் கேட்டான். கோடையில் கரிசல் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. ஓணானைப் பார்க்கக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து ஃபோன் நழுவி உள்ளே போய்விட்டது. அவன் வலது கையில் முழங்கைவரை மண் அப்பியிருந்தது.

விசிறி ஓணான் கணக்கெடுக்க எட்டயபுரம் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. 'வேலியில போற ஓணானை எண்ணுறதுக்கும் சம்பளமா?' என்று ஊரில் சிரித்தார்கள். இந்தக் காட்டில் அப்படிச் சிரிக்கக்கூட ஆள் கிடையாது.

புறப்படும் முன் பாதுகாப்புத் திட்டம் போட்டதே அவன்தான். தண்ணீர் எவ்வளவு, பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் யோசித்திருந்தான். பொழுது சாய்ந்ததும் ஆபீஸுக்குப் பேசி, பத்திரமாக இருப்பதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் பக்கத்து ஊர் பஞ்சர் கடை இசக்கிராஜாவை அனுப்புவார்கள்.

அவன் ஒருநாளும் தவறியதில்லை. ஆபீஸில் கல்யாணசுந்தரி மேடம் "சரி" என்று வைத்துவிடுவார். அன்றைக்கு அவனிடம் பேசிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அம்மா போன பிறகு அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு. அவனைக் கூப்பிட யாருமில்லை. நாம் இல்லாமல் போனால் யாராவது தேடுவார்களா என்று சில நாளாகவே மனசு அரித்துக்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

கடைசியில் புழுதி கிளப்பிக்கொண்டு பைக் வந்தது. இசக்கிராஜா வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சார், ஒண்ணும் ஆகலையே? மேடம் அங்கன அழுவாத கொறையா கெடக்காவ!"

"ஃபோன் உள்ள விழுந்துருச்சு அண்ணாச்சி."

இசக்கிராஜா மண்டிபோட்டுக் கையை விட்டார். அடித்துக்கொண்டிருந்த ஃபோன் சுலபமாகக் கையோடு வந்தது.

"மேடம், சார் நல்லாத்தான் இருக்காவ. பயப்படாதீங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார்கள். காட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"முழங்கை ஆழங்கூட இல்லியே சார்! நீங்களே எடுத்திருக்கலாம்லா?"

சக்திகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எடுத்தா, அடிக்கிறது நின்னுரும்ல அண்ணாச்சி."