ஈயக்குண்டு ஸ்வெட்டர்

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்க்கும்போதுதான் லூர்தம்மாள் ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். புருஷன் சவரிமுத்து ஏறி நின்றதும், அவன் எவ்வளவு காலம் தாங்குவான் என்று எடை மிஷினே கணித்து விளக்குப் போடும். அவன் வயது, சர்க்கரை, இதயம் எல்லாம் அதற்கு அத்துப்படி. சிவப்பு எரிந்தால் அவனுடைய டயாலிசிஸ் நாற்காலி வேறு ஆளுக்குப் போய்விடும்.

போன தடவை மஞ்சள் எரிந்தது. "சதை கரையுது. இன்னும் எடை குறைஞ்சா சிவப்புதாம்மா" என்றாள் நர்ஸ்.

இன்று பச்சை. லூர்தம்மாளுக்குப் போன உயிர் திரும்பியது. பழைய மீன்வலையிலிருந்து அறுத்தெடுத்த ஈயக்குண்டுகளை அவன் ஸ்வெட்டருக்குள் வைத்துத் தைத்திருந்தாள். "என்னட்டி, இப்படிக் கனக்கு?" என்று அவன் கேட்டதற்கு, "உமக்குக் குளிருமேன்னு ரெட்டைத் துணி கொடுத்திருக்கேன்" என்று சமாளித்திருந்தாள்.

டயாலிசிஸ் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டியது.

"ஏட்டி, என்ன செஞ்ச?"

ஈயக்குண்டு வைத்துத் தைத்ததை அவன் காதோடு சொன்னாள்.

"கூடுன எடையெல்லாம் ஒடம்புல சேந்த தண்ணின்னு நெனச்சு இந்த டயாலிசிஸ் மிஷின் உறிஞ்சுதுட்டி. எங்கிட்ட ஏது அவ்வளவு தண்ணி?"

அவள் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட எழுந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"சொல்லிராத. நாற்காலி போயிரும்."

அவள் உட்கார்ந்து அவன் காலை நீவத் தொடங்கினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வலி சற்றே விட்டதும் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"வியாழக்கிழமை டயாலிசிஸுக்கும் இதே ஸ்வெட்டரை எடுத்து வை."