முதல் கையெழுத்து

“முருகா, முருகா…” என்று புஷ்பராணியின் உதடுகள் ஓயாமல் முணுமுணுத்தன. ஆட்டம் முடிய இன்னும் இரண்டு நிமிடம். மகன் மிதுசன் மைதான ஓரத்து வாங்குப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் அவள் கணவர் அரியரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்புவார், இருப்பார், திரும்பவும் எழும்புவார். ஒக்ரோபர் குளிரில் மொன்றியல்காரர்களே கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் கழுத்து வேர்த்தது.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டி மோதும் இந்த ஃபுட்போலை யாழ்ப்பாணத்தில் அவர் கண்டதே இல்லை. மகன் யூனிவர்சிட்டி அணிக்குள் நுழைந்த பிறகுதான் பைத்தியம் பிடித்தது. பியர்பொன்ட்ஸ் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு ஆட்டம் விடாமல் வந்துவிடுவார்.

அந்த அணியில் மிதுசனைப் போல் ஓட ஆளில்லை. ஆனாலும் இந்த 2006ஆம் ஆண்டு முழுக்க, பயிற்சியாளர் பெல்ரோஸ் அவனை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. ஏனென்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், “என் முடிவு” என்பதோடு சரி. ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. இதுவும் போனால் திங்கட்கிழமை அவருடைய சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பேச்சு.

“மார்ஷானைப் பாருங்கோ,” என்று எதிரணியின் பயிற்சியாளரைக் கைகாட்டினார் அரியரத்தினம். “திறமை இருந்தா இறக்கிப்போட்டுத்தான் மறுவேலை. அவர் கோச்! எங்கட ஆள் வெறும் மரக்கட்டை.”

“மார்ஷான் பெடியளைப் பிழிஞ்செடுக்கிற ஆள்,” என்றார் லொங்குய்யிலிருந்து வந்திருந்த நண்பர் பேரின்பநாதன். “கால் வீங்கின பெடியனையே ஊசி போட்டு இறக்கினவராம். பெல்ரோஸ் பாவம், நல்ல மனுசன்.”

“நல்ல மனுசனை வைச்சு என்ன செய்யிறது? கோயிலுக்குத் தர்மகர்த்தாவா விடுங்கோ!”

பின்வரிசையிலிருந்து சென்னை மாணவன் ஹரிபிரசாத் சிரித்தான். பெல்ரோஸை நீக்கச் சொல்லும் மனு அவன் கையில் இருந்தது.

“அங்கிள், இருநூறு பேர் போட்டாச்சு. முதல் வரி மட்டும் உங்களுக்குன்னே காலியா வச்சிருக்கேன். பிளேயரோட அப்பாவே கேட்டா, நிர்வாகம் தட்டிக் கழிக்க முடியாது.”

“பொறும் தம்பி. இண்டைக்கும் தோத்தா போடுறன்.”

நாலு புள்ளி பின்தங்கிய நிலையில் பெல்ரோஸ் வாங்குப் பக்கம் திரும்பினார். மிதுசன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாதி எழும்பினான். அரியரத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். புஷ்பராணி கண்ணை இறுக மூடினாள்.

பெல்ரோஸ் பக்கத்திலிருந்தவனைத் தோளில் தட்டி அனுப்பினார்.

கூட்டம் ‘ஊ’ என்று கத்தியது. புஷ்பராணி மெல்லக் கண்ணைத் திறந்தாள். இவ்வளவு நேரமும் மடியில் சும்மா கிடந்த பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள். இந்த நேரத்தில் இவளுக்குத் தேத்தண்ணி ஒரு கேடா என்று அரியரத்தினத்துக்கு எரிச்சல் வந்தது.

இறங்கியவன் பந்தைத் தவறவிட்டான். ஆட்டம் முடிந்தது.

“போன வருசம் எங்கட பெடியன் தலையில அடிபட்டு விழுந்தும் ஒரு நிமிசத்தில எழும்பி ஓடினவன்! டொக்டரே ஒண்டுமில்லை எண்டவர். அண்டைக்கு இரவு வேலைக்குப் போய், ஒருத்தர் விடாமல் சொல்லித் திரிஞ்சனான். அப்பிடிப்பட்ட சிங்கத்தையெல்லோ இந்தாள் கட்டி வைச்சிருக்கு!”

அரியரத்தினம் படியில் காலை உதைத்தார். சேறு படாத சட்டையோடு மகன் தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்தவர் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்.

“தாரும் பேனையை.”

ஹரிபிரசாத் பாய்ந்து வந்து மனு செருகிய அட்டையை நீட்டினான்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் புஷ்பராணி. “புதுசா வாறவர் மிதுசனை இறக்குவாரோ?”

“அடுத்த ஆட்டத்திலயே இறக்குவார்! அதுக்குத்தானே இந்தக் கையெழுத்து.”

பேனை தாளைத் தொட்டது. புஷ்பராணியின் கை வந்து முதல் வரியைப் பொத்திக்கொண்டது. மற்றக் கையிலிருந்த தேத்தண்ணி அவர் காற்சட்டையில் சிந்தியது.

“உமக்கென்ன விசரே? உம்மட பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிற மனுசனுக்கு வக்காலத்தோ?”

அவள் கையை எடுக்கவில்லை. “நீங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச அண்டைக்கு இரவு, ‘அம்மா, நான் சாப்பிட்டனானோ’ எண்டு மூண்டு தரம் கேட்டவன். டொக்டருக்கும் சொல்லக்கூடாது, அப்பாவுக்கும் சொல்லக்கூடாது எண்டு, தன்ர தலையில என்ர கையை வைப்பிச்சுச் சத்தியம் வாங்கினவன்.”

அரியரத்தினத்தின் பேனை அந்தரத்தில் நின்றது.

கீழே, ஏச்சுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்த பெல்ரோஸ் நின்று அண்ணாந்து பார்த்தார். புஷ்பராணியைக் கண்டு, தெரிந்தவரைக் கண்டதுபோல் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

“அவனை இறக்க வேண்டாமெண்டு அந்த மனுசனிட்டப் போய் அழுதது நான்தானப்பா.”